காசு போடாம பசுமையா வாழறது எப்படி: எதை முதல்ல, எதை அப்புறம்னு ஒரு முழு வழிகாட்டி

வீட்ல இருந்தே சுற்றுச்சூழலுக்கு ஏதாவது பண்ணணும்னு நெனைக்கிறவங்க கேக்குற முதல் கேள்வி "என்ன வாங்கணும்?"ங்கறது தான். என் பதில், முதல் மூணு மாசம் எதுவுமே வாங்காதீங்க. வீட்ல ஏற்கனவே இருக்கறதை வெச்சே நெறைய குறைக்க முடியும், எதுல கை வெச்சா அதிகம் குறையும்ங்கற வரிசை தெரிஞ்சிருந்தா போதும். சூடு, குளிர், தண்ணி, சாப்பாடு, அதுக்கப்புறம் பொருட்கள், இது தான் என் வரிசை. போன் சார்ஜர், ஸ்ட்ரா இதெல்லாம் கடைசில வரும், ஆனா எல்லாரும் அதுல தான் ஆரம்பிக்கிறாங்க, ஒரு மாசம் கஷ்டப்பட்டு பண்ணிட்டு பில்லுல ஒண்ணுமே தெரியலன்னு விட்டுடறாங்க. அப்படி விட்டுடறது தான் எனக்கு ரொம்ப வருத்தம், ஏன்னா அவங்களுக்கு மனசு இருந்துச்சு, வரிசை தான் தப்பா போச்சு.

படி 1: மொதல்ல அளந்து பாருங்க

கரண்ட் மீட்டர் பக்கத்துல போய் நின்னு பாருங்க. டிஜிட்டல் மீட்டரா இருந்தா பெரும்பாலும் ஒரு குட்டி லைட் விட்டு விட்டு சிமிட்டிட்டே இருக்கும், அது பக்கத்துலயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல்னு ஒரு எண் போட்டிருப்பாங்க, 1600, 3200 இந்த மாதிரி. 36 லட்சத்தை அந்த எண்ணால வகுங்க, 3200ன்னா 1125 வரும். இப்ப ஒரு சிமிட்டலுக்கும் அடுத்த சிமிட்டலுக்கும் நடுவுல எத்தனை செகண்ட்னு போன்ல பாத்து, 1125ஐ அந்த செகண்டால வகுத்தா அந்த நிமிஷம் உங்க வீடு எத்தனை வாட் இழுக்குதுன்னு தெரிஞ்சிடும். 9 செகண்டுக்கு ஒரு தடவை சிமிட்டினா 125 வாட். இதுக்கு எந்த கருவியும் வேணாம்.

இதை ராத்திரி தூங்கப் போறதுக்கு முன்னாடி எல்லாத்தையும் அணைச்சிட்டு ஒரு தடவை பண்ணுங்க. ஃப்ரிட்ஜ் மோட்டார் ஓடாத நேரமா பாத்து பண்ணுங்க. எல்லாம் ஆஃப்ல இருக்கறப்பவும் 40, 50 வாட் போகுதுன்னா எதோ ஒண்ணு ஸ்டாண்ட்பைல உக்காந்து தின்னுட்டிருக்குன்னு அர்த்தம், ஒவ்வொரு பிளக்கா புடுங்கி புடுங்கி எதுன்னு கண்டுபிடிங்க. டிவியோட செட்-டாப் பாக்ஸ் மாதிரி சாமான் 10 வாட் சும்மாவே இழுத்தா வருஷத்துக்கு 87 யூனிட் ஆயிடும். ஆனா போன் மாட்டாத வெறும் சார்ஜர் பெரும்பாலும் வருஷத்துக்கு ஒரு யூனிட் கூட தின்னாது, அதைப் பத்தி கவலைப்படறதை விட்டுடலாம்.

அப்புறம் தண்ணி மீட்டர் இருந்தா ராத்திரி ஒரு ரீடிங், யாரும் எழுந்து குழாய் தெறக்கறதுக்கு முன்னாடி காலைல ஒரு ரீடிங். எண் நகர்ந்திருந்தா எங்கயோ கசியுது.

படி 2: சூடு, இங்க தான் எல்லாமே இருக்கு

இந்தப் பகுதி தான் நீளமா இருக்கும், ஏன்னா இது தான் பெருசு. ஒரு லிட்டர் தண்ணியை ஒரு டிகிரி சூடாக்க 4.2 கிலோஜூல் வேணும், ஒரு யூனிட் கரண்ட்ல 3600 கிலோஜூல் இருக்கு. இந்த ரெண்டு எண் தெரிஞ்சா வீட்ல பாதி விஷயத்தை நீங்களே கணக்கு போட்டுடலாம். 20 லிட்டர் வாளித் தண்ணியை 20 டிகிரில இருந்து 40 டிகிரிக்கு கொண்டு போக அரை யூனிட்டுக்கு கொஞ்சம் கம்மியா ஆகும். அந்தக் கரண்ட்ல ஒரு 9 வாட் எல்இடி பல்ப் ரெண்டு நாளுக்கு மேல விடாம எரியும்! நிமிஷத்துக்கு 9 லிட்டர் ஊத்தற ஷவர்ல பத்து நிமிஷம் நின்னா 90 லிட்டர், அதே அளவு சூடுக்கு 2 யூனிட்டுக்கு மேல. ஒரு போனை வருஷம் முழுக்க தினமும் முழுசா சார்ஜ் போட்டாலும் 10 யூனிட்டுக்குள்ள முடிஞ்சிடும், அதாவது அந்த மாதிரி அஞ்சு குளியல். இதைப் பாத்தீங்கன்னா எங்க ஆரம்பிக்கணும்னு நான் தனியா சொல்ல வேண்டியதே இல்ல.

அதனால குளிக்கிற வெந்நீர்ல ஆரம்பிங்க. வெந்நீர் குளியலை அடியோட விடணும்னு நான் சொல்லல, குளிர்ல யாரையும் நடுங்க வைக்கறது எனக்கு உடன்பாடு இல்ல. வாளில குளிக்கிறவங்க ஏற்கனவே சிக்கனமா தான் இருக்காங்க. ஷவர்னா நேரத்தை அஞ்சு நிமிஷத்துக்கு கொண்டு வாங்க, சோப்பு போடறப்ப மூடி வைங்க. ஹீட்டரை குளிக்கிறதுக்கு ரொம்ப முன்னாடியே போட்டு விட்டுட்டு மறந்துடாதீங்க, டேங்க்ல நிக்கிற வெந்நீர் கொஞ்சம் கொஞ்சமா ஆறும், ஆறினதை அது திரும்ப சூடாக்கும். பெரிய டேங்க் இருக்கற ஹீட்டர்ல ஒரு விஷயம் மட்டும் கவனம், தண்ணி நாள் கணக்கா வெதுவெதுப்பா கிடந்தா லெஜியோனெல்லாங்கற பாக்டீரியா வளரும், அதனால அந்த டேங்க் உள்ள வெப்பம் 60 டிகிரில இருக்கட்டும், கலந்து குளிச்சுக்கங்க.

அடுத்து சமையல். தண்ணி கொதிக்க ஆரம்பிச்சதுக்கு அப்புறம் தீயை எவ்ளோ கூட்டினாலும் சாதாரண பாத்திரத்துல அதுக்கு மேல சூடு ஏறாது, 100 டிகிரில நின்னுடும், கூடுதல் தீ எல்லாம் ஆவியா தான் போகும். ஒரு லிட்டர் தண்ணியை 20 டிகிரில இருந்து கொதிக்க வைக்க சுமார் 336 கிலோஜூல், அதே ஒரு லிட்டரை முழுசா ஆவியாக்க 2260 கிலோஜூல் கிட்ட, கிட்டத்தட்ட ஏழு மடங்கு. அதனால மூடி போடறது சின்ன விஷயமே இல்ல, ஆவி வெளில போகாம தடுத்தா அந்த ஏழு மடங்குல ஒரு பங்கு உங்களுக்கு மிச்சம். கொதி வந்த உடனே தீயை குறைச்சுடுங்க, மூடி போட்டு லேசா கொதிச்சுட்டு இருந்தாலே வெந்துடும். பிரஷர் குக்கர் சீக்கிரம் வேக வைக்கறதும் இதே காரணத்தால தான், உள்ள அழுத்தம் கூடறதால தண்ணி 100ல நிக்காம 120 டிகிரி வரைக்கும் போகும். காஞ்ச பயறு வகையை முன்னாடியே ஊற வெச்சுடுங்க, நேரம் கணிசமா குறையும். தீ பாத்திரத்தோட அடியை விட்டு பக்கவாட்டுல வெளில வராம இருக்கட்டும்.

இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச ஒரு வழி இருக்கு. நல்லா கொதிச்ச பாத்திரத்தை மூடியோட எடுத்து, பழைய போர்வை, கம்பளி, இல்லன்னா வைக்கோல் அடைச்ச ஒரு பெட்டிக்குள்ள இறுக்கி மூடி வெச்சா, அடுப்பே இல்லாம உள்ள இருக்கற சூட்டுலயே மிச்சம் வெந்துடும். உலகப் போர் நடந்த காலத்துல எரிபொருள் கிடைக்காதப்ப ஐரோப்பால நெறைய குடும்பம் இப்படித்தான் சமைச்சாங்க. பாத்திரம் முக்கால் வாசிக்கு மேல நிறைஞ்சிருக்கணும், கொஞ்சமா வெச்சா சீக்கிரம் ஆறிடும். தெறக்கறப்ப 60 டிகிரிக்கு கீழ போயிருந்தா திரும்ப ஒரு கொதி விட்டுட்டு சாப்பிடுங்க. இறைச்சிக்கு இந்த முறையை புதுசா கத்துக்கறவங்க முயற்சி பண்ண வேணாம்.

துணி துவைக்கற மெஷின்லயும் வெந்நீர் புரோகிராம் போட்டா கரண்ட்ல பெரும்பகுதி தண்ணியை சூடாக்கறதுக்கே போகுது, துணியை சுத்தறதுக்கு கொஞ்சம் தான். சாதாரண அழுக்குக்கு பச்சைத் தண்ணியே போதும், நோயாளி துணி, குழந்தை துணி மாதிரி இருக்கறதுக்கு மட்டும் சூடு வெச்சுக்கங்க. மெஷின் நிறையற வரைக்கும் காத்திருங்க. காய வைக்கறதுக்கு டிரையர் வேணாம், ஒரு தடவைக்கு 2 யூனிட்டுக்கு மேல சுலபமா போயிடும், கயிறு கட்டினா அந்த வேலையை காத்து சும்மா பண்ணிக் குடுக்குது.

படி 3: குளிர்

வெயில் ஊருக்கு ஒரே விதி, சூடு உள்ள வந்ததுக்கு அப்புறம் வெளில தள்றதை விட வராம தடுக்கறது ரொம்ப சுலபம். ஜன்னலுக்கு உள்பக்கம் திரை போட்டா வெயில் கண்ணாடியை தாண்டி ஏற்கனவே உள்ள வந்துடுச்சு, திரை சூடாகி அந்த சூட்டை ரூமுக்குள்ளயே விடும். அதே துணியை, தட்டியை வெளிப்பக்கம் கட்டினா பலன் பல மடங்கு. மேல் மாடி மொட்டையா இருந்தா வெள்ளை பூச்சு அடிங்க. பகல்ல வெளில அனலடிக்கிற நேரம் ஜன்னலை மூடுங்க, ராத்திரி வெளில குளிர்ந்ததும் எதிரெதிர் ஜன்னல் ரெண்டையும் தெறந்து விடுங்க. ஃபேன் ரூமை குளிர வைக்காது, தோல்ல இருக்கற வேர்வையை ஆவியாக்கி உங்களைத் தான் குளிர வைக்கும், அதனால ஆள் இல்லாத ரூம்ல ஃபேன் ஓடறதுல எந்த புண்ணியமும் இல்ல. ஏசி இருந்தா செட்டிங்கை ரெண்டு மூணு டிகிரி ஏத்தி கூடவே ஃபேன் போடுங்க, உடம்புக்கு அதே சுகம் தான் தெரியும், ஃபில்டரை மட்டும் அடிக்கடி கழுவிடுங்க.

குளிர் ஊர்ல இதே கதை தலைகீழ். கதவுக்கு அடில, ஜன்னல் ஓரத்துல கைய வெச்சு பாருங்க, காத்து வர்ற இடத்தை எல்லாம் பழைய துணியை சுருட்டி அடைங்க, பகல்ல வெயில் படற திரையை தெறந்து வெச்சு இருட்டினதும் மூடிடுங்க. அடுப்போ கேஸ் ஹீட்டரோ எரியற ரூமை மட்டும் முழுசா அடைக்கவே கூடாது, கார்பன் மோனாக்ஸைடுக்கு வாசனையே இல்ல, ஆளைக் கொல்லும்.

ஃப்ரிட்ஜ் 24 மணி நேரமும் ஓடற சாமான். உள்ள 3ல இருந்து 5 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18, அதுக்கு மேல குளிர் தேவையில்ல. கதவு ரப்பர் சரியா இருக்கான்னு பாக்க ஒரு பேப்பரை கதவு நடுவுல வெச்சு மூடி இழுங்க, சுலபமா வந்துடுச்சுன்னா ரப்பர் போச்சு, ஃப்ரிட்ஜ மாத்த வேணாம், ரப்பரை மட்டும் மாத்தினா போதும். பின்னாடி சுவத்துக்கும் அதுக்கும் ஒரு கையளவு இடைவெளி விடுங்க, கம்பி தெரியற மாடல்னா தூசி தட்டுங்க.

ஒண்ணு இங்க சொல்லியே ஆகணும். நல்ல புது ஃப்ரிட்ஜ் வாங்கிட்டு பழசை இன்னொரு ரூம்ல "இருக்கட்டும்"னு ஓட விடற வீடு நெறைய. 1865லயே வில்லியம் ஸ்டான்லி ஜெவன்ஸ்ங்கற பொருளாதார அறிஞர் இதைத் தான் கவனிச்சார், நீராவி என்ஜின் சிக்கனமாக ஆக நிலக்கரி செலவு குறையறதுக்கு பதிலா கூடிட்டே போச்சு, ஏன்னா மலிவா ஆனதும் எல்லாரும் எல்லாத்துக்கும் உபயோகிக்க ஆரம்பிச்சாங்க. வீட்லயும் மிச்சமான காசு எங்க போகுதுன்னு ஒரு கண்ணு வெச்சிருங்க.

படி 4: தண்ணி

செகண்டுக்கு ஒரு சொட்டு விழற குழாய் ஒரு நாளைக்கு 20 லிட்டருக்கு மேல வீணாக்கும், உள்ள இருக்கற சின்ன வாஷர் ஒண்ணு தேஞ்சது தான் பெரும்பாலும் காரணம், அதை நீங்களே மாத்தலாம், மெயின் வால்வை மூடிட்டு ஆரம்பிங்க அவ்ளோ தான். டாய்லெட் ஃபிளஷ் டேங்க் கசிவு இதை விட மோசம், சத்தமே இல்லாம போகும். டேங்க்ல கொஞ்சம் கலர் பொடி போட்டு அரை மணி நேரம் ஃபிளஷ் பண்ணாம விடுங்க, கீழ கிண்ணத்துல கலர் தெரிஞ்சா கசிவு. பழைய பெரிய டேங்க்னா ஒரு பாட்டில்ல தண்ணி நிரப்பி மூடி உள்ள வெச்சா ஒவ்வொரு தடவையும் அந்த அளவு மிச்சம், மிதவைல இடிக்காம பாத்து வைங்க, செங்கல் மட்டும் போடாதீங்க, அது கரைஞ்சு தூள் வால்வுல போய் சிக்கும்.

காய் கழுவின தண்ணி, துணி கடைசியா அலசின தண்ணியை செடிக்கு ஊத்தலாம். சேத்து வைக்காதீங்க, ஒரு நாளுக்கு மேல நின்னா நாத்தம் அடிக்கும். பச்சையா சாப்பிடற கீரைக்கு சோப்புத் தண்ணி வேணாம், மரத்துக்கும் பூச்செடிக்கும் ஊத்துங்க, நடு நடுவுல நல்ல தண்ணியும் ஊத்தணும், இல்லன்னா மண்ணுல உப்பு தங்கும்.

படி 5: சாப்பாடு வீணாகாம, மிச்சம் மண்ணுக்கு

ஐநா சுற்றுச்சூழல் அமைப்பு 2024ல வெளியிட்ட அறிக்கைப்படி 2022ல உலகத்துல 105 கோடி டன் உணவு வீணாச்சு, அதுல 60 சதவீதம் வீடுகள்ல இருந்து. ஹோட்டல்ல இருந்தோ கடைல இருந்தோ இல்ல, நம்ம வீட்ல இருந்து! அதை விளைவிச்ச தண்ணி, உரம், வண்டி ஓடின டீசல் எல்லாம் அது கூடவே குப்பைக்கு போகுது. குப்பை மேட்டுல காத்து இல்லாம புதைஞ்சு அழுகறப்ப மீத்தேன் வேற வருது, அது நூறு வருஷ கணக்குல கார்பன் டை ஆக்ஸைடை விட 27 மடங்குக்கு மேல வெப்பத்தை பிடிச்சு வைக்கும்.

அதனால உரம் போடறதுக்கு முன்னாடி வீணாகறதை நிறுத்துங்க. ஃப்ரிட்ஜ்ல கண்ணுக்கு நேரா இருக்கற தட்டை "முதல்ல இதை முடிக்கணும்"னு ஒதுக்கி, கெட்டுப் போகப் போறதை எல்லாம் அங்க வைங்க. கடைக்கு போறதுக்கு முன்னாடி ஃப்ரிட்ஜ ஒரு போட்டோ எடுத்துக்கங்க. பாக்கெட்ல இருக்கற தேதிலயும் ரெண்டு வகை இருக்கு, இதுக்குள்ள சாப்பிட்டா நல்லா இருக்கும்னு சொல்றது தரத்துக்கு, அது தாண்டினா மோந்து பாத்து, பாத்து, சாப்பிடலாம், இந்த தேதிக்கு மேல உபயோகிக்காதேன்னு போட்டிருக்கறது பாதுகாப்புக்கு, அதுல விளையாடாதீங்க.

அதுக்கும் மீறி வர்ற தோல், தண்டு, காம்புக்கு உரத்தொட்டி. அடில, பக்கத்துல ஓட்டை போட்ட பழைய பக்கெட் போதும். அடில காஞ்ச இலை ஒரு அடுக்கு கனமா, அதுக்கு மேல சமையலறைக் கழிவு, அதை மூடற மாதிரி திரும்ப காஞ்சது, அட்டைப்பெட்டி கிழிச்சது, மரத்தூள் எது வேணா. அளவு ஈரக்கழிவு ஒரு பங்குன்னா காஞ்சது ரெண்டுல இருந்து மூணு பங்கு. நுண்ணுயிருக்கு கார்பனும் நைட்ரஜனும் 25 இல்ல 30க்கு 1ங்கற விகிதத்துல இருந்தா தான் வேலை வேகமா நடக்கும், காஞ்சதுல கார்பன், ஈரத்துல நைட்ரஜன், அந்தக் கணக்கு தான் இது. ஈரம் பிழிஞ்ச ஸ்பாஞ்ச் மாதிரி இருக்கணும், கைல அழுத்தினா ஒண்ணு ரெண்டு சொட்டு வரலாம், ஒழுகக் கூடாது. வாரத்துக்கு ஒரு தடவை ரெண்டு தடவை கிளறி விடுங்க.

நாத்தம் அடிச்சா காத்து இல்ல, ஈரம் அதிகம், காஞ்ச இலையை அள்ளிப் போட்டு கிளறுங்க, ரெண்டு நாள்ல போயிடும். சின்ன ஈ வந்தா மேல மூடற காஞ்ச அடுக்கு பத்தல. ஒண்ணுமே நடக்காம அப்படியே கிடந்தா காஞ்சது அதிகம், கொஞ்சம் தண்ணி தெளிச்சு பச்சைக் கழிவு போடுங்க. இறைச்சி, பால் சாமான், எண்ணெய் இதெல்லாம் சின்ன தொட்டில வேணாம், எலி வரும். மக்கும் பிளாஸ்டிக்னு எழுதின கப், பை கூட வேணாம், அதுல நெறைய வகை 60 டிகிரி கிட்ட சூடு இருக்கற பெரிய உர ஆலைல தான் மக்கும். தொட்டி நிறைஞ்சா ரெண்டாவது தொட்டில ஆரம்பிச்சு முதலாவதை சும்மா விடுங்க, ரெண்டு மூணு மாசத்துல கருப்பா, மண் வாசனையா, உள்ள போட்டது எதுன்னே அடையாளம் தெரியாம ஆனா ரெடி.

படி 6: பொருட்கள், வாங்காம இருக்கறது தான் மொதல் வேலை

1950ல இருந்து 2015 வரைக்கும் உலகம் 830 கோடி டன் பிளாஸ்டிக் தயாரிச்சிருக்கு, குப்பையானதுல மறுசுழற்சி ஆனது 9 சதவீதம் தான்னு 2017ல வந்த ஆய்வு சொல்லுது. அதனால "பரவாயில்ல, ரீசைக்கிள் ஆயிடும்"னு நம்பி வாங்காதீங்க. அதுக்காக வீட்ல இருக்கற பிளாஸ்டிக் டப்பாவை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு கண்ணாடி வாங்கறதும் சரியில்ல, டப்பா உடையற வரைக்கும் அதுல தானியம் போட்டு வைங்க, சூடானது மட்டும் போடாதீங்க. துணிப்பை விஷயத்துலயும் அப்படித்தான், இங்கிலாந்து சுற்றுச்சூழல் துறை 2011ல வெளியிட்ட கணக்குப்படி பருத்திப் பை ஒண்ணை 131 தடவை உபயோகிச்சா தான் ஒரு தடவை உபயோகிச்ச மெலிசு பிளாஸ்டிக் பையோட வெப்பமாதல் பாதிப்புக்கு சமமாகும். வீட்ல நாலு பை இருக்குன்னா அஞ்சாவது இலவசமா குடுத்தாலும் வேணாம்னு சொல்லுங்க.

போன், லேப்டாப்ல பாதிப்புல பெரும்பகுதி தயாரிக்கிறப்பவே முடிஞ்சு போச்சு, நீங்க சார்ஜ் போடறதுல இல்ல. பேட்டரி மாத்தி இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டறது தான் பெரிய உதவி. ரிப்பேர் பண்ணத் தெரிஞ்சவங்க கூட உக்காந்து பாருங்க, 2009ல ஆம்ஸ்டர்டாம்ல மார்ட்டீனே போஸ்ட்மா ரிப்பேர் கஃபேன்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க, உடைஞ்ச சாமானை எடுத்துட்டு வந்து தெரிஞ்சவங்க உதவியோட அங்கயே சரி பண்ணிட்டு போகலாம், இப்ப பல நாட்டுல நடக்குது. உங்க தெருவுலயே மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை இதை பண்ணலாம், ஒரு மேஜை, நாலு ஸ்க்ரூ டிரைவர், தையல் தெரிஞ்ச ஒருத்தர் இருந்தா போதும்.

துடைக்கிற கழுவுற சாமான்ல ஒரு எச்சரிக்கை. வினிகரும் சோடா உப்பும் சேத்து கலக்கறதை எல்லா வீடியோலயும் காட்டறாங்க, நுரை வரும், ஆனா ஒண்ணை ஒண்ணு அழிச்சுக்கிட்டு மிஞ்சறது பெரும்பாலும் உப்புத் தண்ணி தான். தனித்தனியா உபயோகிங்க, உப்புக் கறைக்கு வினிகர், எண்ணெய் பிசுக்குக்கு சோடா. மார்பிள் மேல வினிகர் படக் கூடாது. பிளீச்சோட வினிகரோ, அமோனியாவோ, டாய்லெட் ஆசிட்டோ எப்பவுமே கலக்காதீங்க, விஷ வாயு வரும்.

படி 7: நிஜமாவே மாத்த வேண்டி வந்தா

ரிப்பேரே முடியாதுன்னு ஆனப்ப தான் புதுசு. ஸ்டாரை மட்டும் பாக்காதீங்க, லேபிள்ல வருஷத்துக்கு எத்தனை யூனிட்னு போட்டிருக்கறதை பாருங்க, பெரிய ஃப்ரிட்ஜ் அஞ்சு ஸ்டார் வாங்கினாலும் சின்னதை விட அதிகம் தின்னலாம். தண்ணி ஹீட்டர் போனா ஹீட் பம்ப் வகையை விசாரிங்க, அது சூட்டை உண்டாக்காம காத்துல இருந்து எடுத்து தண்ணிக்கு மாத்தறதால ஒரு யூனிட் கரண்டுக்கு சுமார் மூணு யூனிட் சூடு குடுக்கும்.

பழைய ஃப்ரிட்ஜ், ஏசியை குடுக்கறப்ப ஒரு கேள்வி கட்டாயம் கேளுங்க, உள்ள இருக்கற கேஸை எடுத்து சேமிப்பீங்களா, இல்ல குழாயை வெட்டி காத்துல விட்டுடுவீங்களான்னு. பின்னாடி ஒட்டியிருக்கற லேபிள்ல ஆர்-134ஏன்னு இருந்தா அந்த வாயு ஒரு கிலோ, 1300 கிலோ கார்பன் டை ஆக்ஸைடுக்கு மேல பாதிப்பு குடுக்கும், பல மாச கரண்ட் சேமிப்பு அந்த ஒரு வெட்டுல போயிடும். புது ஃப்ரிட்ஜ் வாங்கறப்ப லேபிள்ல ஆர்-600ஏன்னு இருக்கான்னு பாருங்க, அதுக்கு பாதிப்பு மிகக் கம்மி, ஆனா தீப்பிடிக்கற வாயு, அதனால சர்வீசுக்கு அந்த வகையில வேலை தெரிஞ்ச ஆளை மட்டும் கூப்பிடுங்க.